உன் பெயர் வைத்த களவா

வாய்த்தெலு
6 பிப்ரவரி 2017

அடே டொமிங்குஸ்,

போன் இருக்கும்போது இந்தக் கிழவன் எதுக்குக் காகிதத்தைக் கெடுக்கறான்னு நினைப்ப. போன்ல நான் கிண்டல் பண்ண ஆரம்பிச்சா நீ டொக்குன்னு வச்சிடற. காகிதத்தை வைக்க முடியாது. மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு முழுசும் படிச்சே ஆகணும். அதுவும் இல்லாம பேலா விஷயத்தை வாய்ல சொல்லக் கூடாது, படகுல எழுத்தா அனுப்பணும்னு உங்க ஊர் பெரிசுங்களே விதி வச்சிருக்காங்க. ரெண்டு ஊரும் ரத்தம் குடிச்சு, பேலான்னு அண்ணன் தம்பி உறவு ஆன காலத்துல போன் ஏது.

கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு வாத்தியார் புத்தி சிகப்பு மை போடும். போடு. மூணாங்கிளாஸோட நின்னவன் எழுத்து இப்படித்தான் இருக்கும். கையும் கொஞ்சம் ஆடுது. அறுபது வருஷம் படகுல நின்னவனுக்குத் தரையும் அலையாத்தான் தெரியும்.

சங்கதிக்கு வரேன். மீன் பிடிக்கக் கூடாதுன்னு போட்ட சாசி முடியப் போகுது. எங்க குடாவுக்குப் பூட்டுப் போட்டு நாலு வருஷம் ஆகுது. வலை இல்ல, தூண்டில் இல்ல, ஒரு சின்னப் பய கால் நனைச்சாலும் காதைத் திருகிட்டேன். மலைமேல தங்கம் தோண்டினானுங்களே, பாதரசம் ஊத்தி பீப்பாய் பீப்பாயா உருட்டி, கழுவின தண்ணிய ஆத்துல விட்டானுங்களே, அந்தக் கும்பல் ஒருத்தனும் இப்ப இல்ல. பீப்பாயெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. ஆத்து வாய்ல தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. வயலைச் சும்மா போட்டா மண்ணுக்குத் தெம்பு வருமே, அப்படிக் கடலுக்கும் வந்துடுச்சு. இந்த யோசனை என் மண்டையில உதிச்சதுங்கறதை மறந்துடாத.

மீனெல்லாம் என்ன வளர்த்தி தெரியுமா. பாறை மீன் ஒண்ணொண்ணும் கதவு சைசு. பல்லிப் பாறைக்கு அடியில ஒரு களவா குடி இருக்கு. தொங்கின உதடு, பிதுங்கின கண்ணு, எவன் வந்தாலும் முறைக்கும், நகராது. அதுக்கு டொமிங்குஸ்னு பேர் வச்சிருக்கேன். ஊர்ல எல்லாரும் இப்ப அப்படித்தான் சொல்றாங்க.

காவலன் வாரத்துக்கு ஒரு மீன் பிடிச்சு ருசி பார்க்கணும்கறது சட்டம், கடல் பழுத்துதா இல்லையான்னு தெரிய. அதனால நாலு வருஷமா இந்தக் கடலைத் தின்னவன் நான் ஒருத்தன்தான். மத்தவனெல்லாம் டப்பா மீன் தின்னான். எவ்வளவு வயித்தெரிச்சல் என்மேலன்னு நினைச்சுக்க.

உங்க புதுக் கோயில் திறப்புக்கு முதல் வலை உனக்கு. நான் சொல்லிட்டேன்.

உன் பேலா
சலேமான் லத்துகாவ்


ஹத்துமெத்தே
19 பிப்ரவரி 2017

அன்புள்ள பேலா சலேமானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரே வரியில் ஏழு பிழைகள். அதைத் திருத்தப் போவதில்லை, திருத்தினால் அது உன் கடிதமாக இருக்காது. ஆனால் எழுத்து முன்னைவிட மோசமாகியிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொள்.

களவாவுக்கு என் பெயர் வைத்ததைச் சபை மூப்பர் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதற்கும் சிரித்தார்கள்.

இனி எழுதுவது ஊர் சார்பாக. கோயில் திறப்பு ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கோயிலின் மரத்தில் பாதி உங்கள் காட்டிலிருந்து வந்தது. கூரை ஏற்ற உங்கள் ஊர் ஆட்கள் தொப்பியோடு வந்து ஏணியில் நின்றார்கள். அதனால் விருந்தும் உங்கள் குடாவின் மீனாகவே இருக்க வேண்டும் என்று சபை கேட்கிறது. முறைப்படி வெற்றிலையும் பாக்கும் இதோடு வருகின்றன. வெற்றிலை வைத்துக் கேட்டதைப் பேலா மறுக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். நீ மறுக்கவும் மாட்டாய்.

இன்னொன்று. இது ஊர் சார்பாக இல்லை. என் மகள் செல்ஃபி அம்போன் நகரத்திலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்காம் மாதம். இரண்டு முறை தங்காமல் போனது உனக்குத் தெரியும், இரண்டு தடவையும் நீ வந்து என் வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்தாய். இந்த முறை தங்கியிருக்கிறது. அவளுக்கு வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. "சலேமான் மாமா ஊர் மீன் இருந்தா தின்னுவேன்," என்கிறாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் பெரிய மீனின் தலையும் வயிற்றுச் சதையும் என்பது இரண்டு ஊருக்கும் வழக்கம். என் பெயர் வைத்த அந்த மீனை அவளுக்கென்று வைத்திரு.

தண்ணீர் சுத்தமாகிவிட்டதா என்று ஒரு மூப்பர் கேட்டார். நான்கு வருஷம் சலேமான் காவல் காத்த கடல், வேறென்ன சாட்சி வேண்டும் என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

டொமிங்குஸ் பத்திவாயேல்


வாய்த்தெலு
20 மார்ச் 2017

டொமிங்குஸ்,

வெத்தல வந்துது. நல்ல வெத்தல. நான் இன்னும் போடல. உதடு ரெண்டும் மரத்து மரத்துப் போகுது, பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி. வெத்தல போட்டா கன்னத்தைக் கடிச்சுக்கறேன்.

எங்க குடா திறப்பு தள்ளிப் போகுது. மே மாசம்னு பேச்சு. மழை, காத்து, ஊர்க் கூட்டம், ஏதேதோ காரணம். உனக்கு எதுக்கு அதெல்லாம். நீ வாத்தியார், நாலு பேருக்குப் புரியற மாதிரி ஒரு காரணம் எழுதிக்க.

விருந்துக்கு ஆடு அனுப்பட்டுமா? நல்ல கிடா நாலு இருக்கு. ஒண்ணுக்கு உன்னை மாதிரியே தாடி. சேகோ மாவு எவ்வளவு வேணாலும் தரேன். தேங்காய் கேளு. எங்க பள்ளிவாசல் மேளத்தையே கேளேன், தூக்கிக்கிட்டு வரேன். மீன்தான் தின்னணும்னு எந்த வேதத்துல எழுதியிருக்கு?

செல்ஃபிக்கு வாய்க்குப் பிடிக்கலன்னா புளி மாங்கா குடு. பெரிய மீன் வேணாம், கவிச்சி அடிக்கும். வயித்துப் பிள்ளைக்காரிக்குக் குமட்டும். எங்க வீட்டுக்காரி அப்படித்தான் சொல்லுவா. செத்துப் போனவமேல பொய் சொல்ல மாட்டேன்னு உனக்குத் தெரியும்.

சலேமான்


ஹத்துமெத்தே
2 ஏப்ரல் 2017

சலேமானுக்கு,

உன் மனைவி ஆறு பிள்ளைகளையும் பெரிய மீனின் தலையைத் தின்றுதான் பெற்றாள். என் மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக் கொண்டிருப்பாள். நானே கேட்டிருக்கிறேன். செத்தவள்மேல் பொய் சொல்லத் துணிந்துவிட்டாய் என்றால் உயிரோடிருக்கிறவன்மேல் என்னதான் சொல்ல மாட்டாய்.

எங்கள் படகுக்காரர்கள் சொல்கிறார்கள், உங்கள் குடா முனையில் ஐஸ் படகு ஒன்று வந்து நின்று போயிருக்கிறது. மக்காசார் வியாபாரியின் படகு. உங்கள் ஊர்த் தலைவர் அதில் ஏறி இறங்கினாராம். நீ கரையில் நின்றாயாம். எனக்கு நம்ப மனமில்லை. மொத்த மீனையும் விலை பேசிவிட்டீர்கள், பேலாவுக்குக் கொடுத்தால் எடை குறையும் என்று ஆடு தருகிறேன் என்கிறாய், அப்படித்தானா?

நான் பழையதைச் சொல்லிக் காட்டுகிறவன் இல்லை. ஆனால் அந்தக் கலவர வருஷத்தில் இரண்டு மதத்து ஆட்களும் கடலோரமெல்லாம் ஒருவரையொருவர் கொளுத்திக் கொண்டிருந்தபோது, நீ உன் படகைக் கொண்டுவந்து எங்கள் கரையில் நிறுத்தி, "ஏறுங்கடா, வாத்தியார் வீட்டுப் பிள்ளைங்க முதல்ல," என்றாய். செல்ஃபியை நீதான் தோளில் தூக்கினாய். அந்தச் சலேமானிடம் நான் வெற்றிலை வைத்துக் கேட்டேன். யார் வாங்கிக்கொண்டார்கள் என்று இப்போது தெரியவில்லை.

கேட்டும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும் உரிமை பேலாவுக்கு உண்டு. தென்னையில் தேங்காய், தோட்டத்தில் வாழை, கடலில் மீன். மறுபடி கேட்க வேண்டியதில்லை, ஒரு வெற்றிலைப் பெட்டியை வைத்துவிட்டு எடுக்கலாம். எங்கள் பையன்கள் வருவார்கள். அந்த ஒரு மீன் போதும்.

டொமிங்குஸ்


வாய்த்தெலு
10 ஏப்ரல் 2017

டொமி,

ஆள் அனுப்பாத. இது கிண்டல் இல்ல. நான் கிண்டல் பண்ணாம எழுதின முதல் கடுதாசி இதுதான், அதுக்காவது மதிப்புக் குடு.

வியாபாரி காசுக்காக இல்ல. என் வாயைக் கட்டிப் போட்டிருக்காங்க. அவ்வளவுதான் எழுத முடியும்.

சலேமான்


ஹத்துமெத்தே
24 ஏப்ரல் 2017

சலேமான் லத்துகாவுக்கு,

நேற்று நீ செய்ததை எழுதி வைக்கிறேன். நாளைக்கு நீ அதை வேடிக்கைக் கதையாக மாற்றிவிடுவாய். நடந்தபடி ஒரு இடத்திலாவது இருக்கட்டும்.

கோயில் முன்னால் தெரு முழுக்க நீள மேசை போட்டிருந்தோம். வாழையிலை விரித்து, சேகோ மாவில் கிண்டிய பப்பேடாவும் மஞ்சள் குழம்பும் வைத்திருந்தோம். பையன்கள் பல்லிப் பாறையில் ஈட்டியால் எடுத்து வந்த களவாவை மூன்று பெண்கள் சேர்ந்து வெட்டினார்கள். தலை செல்ஃபியின் முன்னால். பாதிரியார் ஜெபம் முடித்தார். எல்லாரும் கை வைத்த நேரத்தில் நீ வந்தாய். சாரம் இடுப்புவரை நனைந்திருந்தது. தொப்பி கோணல். நடக்கும்போது மேசையைப் பிடித்துப் பிடித்து நடந்தாய். குடிக்காத முஸ்லிம் குடித்தவன்போல் வந்தான் என்று பின்னால் பேசினார்கள்.

நான் எழுந்து, "வா பேலா, உட்காரு," என்றேன். கோபத்தை விழுங்கிவிட்டுத்தான் சொன்னேன்.

"உட்கார வரல. கேட்க வந்தேன்."

"என்ன கேட்கப் போற?"

"அந்த மீன். முழுசும்."

யாரோ சிரித்தார்கள். "பெரியவருக்கு வயித்துல பேய் புகுந்துடுச்சு," என்றான் ஒரு பையன். நீ மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து என் முன்னால் வைத்தாய். நான் உனக்கு அனுப்பிய அதே வெற்றிலை, காய்ந்து போயிருந்தது.

"பேலா வெத்தல வச்சுக் கேட்டா மறுக்கக் கூடாது. விதி உங்களுக்கும்தானே?"

"சட்டியில இருக்கறதா?"

"சட்டி, குழம்பு, இலையில இருக்கறது, எல்லாம். அந்தப் பொண்ணு முன்னால இருக்கற தலை முதல்ல."

அவள் ஒரு கவளம் தின்றிருந்தாள். இரண்டாவது கையில் இருந்தது. நீ அவள் விரல்களைப் பிரித்து அதை எடுத்தாய். "மாமா," என்று மட்டும் சொன்னாள். நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுக்க முடியாமல் கொடுத்தேன். ஊரே பார்க்க நீ சட்டிகளைச் சாரத்தில் முடிந்து, இலைகளைச் சுருட்டி, ஒரு பிச்சைக்காரன்போல் படகில் ஏற்றினாய். நாங்கள் கோயில் திறந்த நாளில் பப்பேடாவை வெறும் உப்பு வைத்துத் தின்றோம். பாதிரியார் தம் பங்கு ரொட்டியைச் செல்ஃபிக்குக் கொடுத்தார்.

நம் இரண்டு ஊரின் பேலாவை முறிக்க எனக்கு அதிகாரமில்லை. நீயும் நானும் என்பது வேறு. அது முடிந்தது.

டொமிங்குஸ் பத்திவாயேல்


வாய்த்தெலு
1 மே 2017

டொமிங்குஸ்,

நீ கிழிச்சுப் போடலாம். ஆனா நீ வாத்தியார், எழுத்தைப் பார்த்தா உனக்குக் கண் நிக்காது, படிப்ப.

உங்க வீட்டுச் சட்டி மூணும் கழுவி வச்சிருக்கேன். மீனை நான் தின்னல. கடல்லயும் கொட்டல. தென்னைக்கு அடியில ஆழமாக் குழி தோண்டிப் புதைச்சுட்டேன். மேல ஒரு கல். டொமிங்குஸுக்குக் கல்லறை கட்டின முதல் ஆள் நான்தான்.

பிப்ரவரி கடைசில அம்போன்லேந்து நூர்லைலான்னு ஒரு பொண்ணு வந்துது, மீன் சோதிக்கற ஆபீஸ்லேந்து. திறக்கறதுக்கு முன்ன மீனைப் பார்க்கணும்னுது. நான்தான் படகுல கூட்டிக்கிட்டுப் போனேன். சின்னது பெரிசு எல்லாம் பிடிச்சு, துண்டு போட்டு, ஐஸ் பெட்டில வச்சுக்கிட்டுப் போச்சு. "தங்கம் கிடைச்சா பாதி எனக்கு"ன்னு சொல்லி அனுப்பினேன்.

மார்ச்ல அந்தப் பொண்ணே திரும்ப வந்து சொல்லுச்சு. எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். தங்கக்காரன் போனாலும் பாதரசம் போகல, ஆத்து வாய்ச் சேத்துலதான் கிடக்கு. சேத்துல இருக்கற கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதை வேற மாதிரி விஷமா மாத்துது. அதைப் புழு தின்னுது, புழுவை எறா தின்னுது, எறாவைச் சின்ன மீன், சின்ன மீனைப் பெரிய மீன். சாப்பாடு செரிச்சு வெளிய போகும், அந்த விஷம் சதையிலயே தங்கிடும். ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் கொஞ்சமாச் சேரும். வயசான மீன்ல அது ஆயுசு பூரா தின்னது அத்தனையும் இருக்கும். வேக வச்சாலும் போகாது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சாலும் போகாது. பார்க்கத் தெரியாது, மோந்தா தெரியாது. தின்னா ருசியாத்தான் இருக்கும், அது எனக்குத் தெரியும்.

"நாலு வருஷம் மூடி வச்சோமேம்மா, அதுக்குப் பலன் இல்லையா?"ன்னேன்.

அந்தப் பொண்ணு கையில இருந்த காகிதத்தை மடிச்சுது. அப்புறம் சொல்லுச்சு, "மூடினதாலதான் ஐயா இந்த மீனெல்லாம் இவ்வளவு வயசாகியிருக்கு. பூட்டறதுக்கு முன்ன எடுத்த பெரிய மீனை விட இப்ப எடுத்ததுல அதிகமா இருக்கு."

விளங்குதா? கடல் வயல் இல்ல. நான் பூட்டுப் போட்டுக் காவல் காத்து, ஊரைப் பட்டினி போட்டு, விஷத்தை வளர்த்திருக்கேன். உன் சபையும் அதுக்கு ஜெபம் பண்ணுச்சு, எங்க இமாமும் துஆ கேட்டார். ரெண்டு பேர் சாமியும் சேர்ந்து மீனை நல்லா வளர்த்துக் குடுத்துட்டாங்க.

வயித்துல இருக்கற பிள்ளைக்குத்தான் அது முதல் எதிரின்னா அந்தப் பொண்ணு. அம்மா தின்னா அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதாம், பிள்ளை மூளையில போய் உட்காருமாம். இதைச் சொல்லும்போது உன் கடுதாசி என் சட்டைப் பையில இருந்துது. தலையும் வயித்துச் சதையும்னு நீ எழுதினது.

அன்னிக்கே எழுதியிருக்கணும். ஊர்க் கூட்டம் கூடுச்சு. "நாலு வருஷம் சனங்க டப்பா மீன் தின்னாச்சு, ஐஸ் படகுக்காரன் விலை பேசிட்டான், ஒரு தடவை வித்துட்டு அப்புறம் சொல்லுவோம். வெளிய தெரிஞ்சா இந்தக் கரையில ஒருத்தன் மீனும் விலை போகாது"ன்னார் தலைவர். "வாங்கித் தின்னறவன் யாரு?"ன்னு கேட்டேன். "நமக்குத் தெரியாதவன்"னார். எல்லாரையும் சத்தியம் பண்ண வச்சார். காவலன் நான், முதல் சத்தியம் என்னோடது. தாத்தன் காலத்துத் தண்ணிச் செம்புல கை வச்சுச் சொன்னது. அதை மீறி வாயைத் திறக்க எனக்குப் பயம். நீ சிரிப்ப. சிரி.

உன் பையனுங்க வெத்தலப் பெட்டியப் பாறையில வச்சுட்டு டொமிங்குஸைத் தூக்கிக்கிட்டுப் போனப்ப நான் கரையிலேந்து பார்த்தேன். தடுக்க முடியாது, உரிமை. துரத்திக்கிட்டு வந்தா மெஷின் பாதிக் கடல்ல நின்னுடுச்சு. சத்தியம் என் வாயத்தான் கட்டுச்சு, கையைக் கட்டல. சொல்ல முடியாது, கேட்கலாம். அதனால கேட்டேன்.

செல்ஃபி விரலைப் பிரிச்சப்ப அது சின்னதுல என் கழுத்தைப் பிடிச்சுக்கிட்ட அதே விரல்னு நினைச்சேன். ஒரு கவளம்னு எழுதியிருக்க. ஒரு கவளம் பரவாயில்லன்னு நூர்லைலா சொல்லுச்சு, இனிமே வேணாம். நேத்துப் போன் போட்டுக் கேட்டேன்.

திரும்பி வந்து படகைக் கட்டினப்ப செம்புச் சத்தியம் பெரிசா அந்த விரல் பெரிசான்னு யோசிச்சேன். இப்ப எழுதிட்டேன். சத்தியம் போச்சு. சாசிக்கு அடையாளமாக் கட்டின தென்ன ஓலைய இன்னும் கழட்டல. நான் கழட்டாம குடா திறக்காது. ஐஸ் படகு பதினைஞ்சாம் தேதி வருது. ஊர்ல ஒருத்தனும் என்கூடப் பேசல, கடையில தீப்பெட்டி கேட்டா காதுல விழாத மாதிரி நிக்கறான். அது பழகிடும். உன்னோட அனுபவம் இருக்கே.

இந்தக் கடுதாசிய அடுப்புல போடறதும் கோயில்ல படிக்கறதும் உன் இஷ்டம்.

சலேமான்


ஹத்துமெத்தே
18 மே 2017

பேலா,

கோயிலில் படித்தேன். உன் பிழைகளோடேயே. ஒரு இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை, பாதிரியார் வாங்கிப் படித்தார். அந்தப் "பிச்சைக்காரன்" என்ற வார்த்தையை நான் எழுதியிருக்கக் கூடாது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்த விதியும் இல்லை.

பதினைந்தாம் தேதி நடந்தது உனக்கே தெரியும், நீயும் இருந்தாய். இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் படகுகள் எல்லாம் வந்து குடா வாயில் உன் ஒரு படகுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. உங்கள் தலைவர் கரையிலிருந்து, "எங்க கடலுக்கு நீங்க யாருடா?" என்று கத்தினார். எங்கள் மூப்பர் ஒருவர், "தம்பிங்க," என்றார். ஐஸ் படகுக்காரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். நீ அவனுக்குத் தொப்பியைக் கழற்றி ஆட்டிய விதம் அநாகரிகம்.

அன்று மாலை உங்கள் தலைவரிடம் எங்கள் சபையின் வெற்றிலையைக் கொடுத்தோம். வெளிக்கடலில் எங்கள் பங்கு இனி உங்கள் பங்கும். அங்கே நெத்திலியும் சாளையும் ஓடுகின்றன. வெளிக்கடல் சின்ன மீன் பயமில்லாமல் தின்னலாம் என்று நூர்லைலா எங்களுக்கும் வந்து சொன்னாள். தலைவர் வெகுநேரம் வாங்காமல் நின்றார். பிறகு, "நெத்திலியைத் தின்னுட்டா இருக்கச் சொல்றீங்க?" என்றார். பேலாவுக்கு நெத்திலி கொடுப்பது அவமானம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பெரிய மீன்தான் மரியாதை. "நாங்களும் அதைத்தான் தின்னப் போறோம்," என்றேன். வாங்கிக்கொண்டார்.

செல்ஃபி நன்றாக இருக்கிறாள். நெத்திலியைப் பொரித்துத் தலையோடு மெல்லுகிறாள். "மாமாகிட்ட சொல்லுப்பா, இதுக்கும் தலை இருக்கு," என்கிறாள்.

நூர்லைலா முடி கேட்கிறாள். உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று முடியில் தெரியுமாம். செல்ஃபியினுடையதைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டோம். உங்கள் ஊரில் யாரும் கொடுக்க மறுக்கிறார்களாம், சூனியத்துக்கு என்று பயந்து. நீ முதலில் கொடு.

உன் பழைய கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். நான்கு வருஷத்துக்கு முந்தைய எழுத்தையும் இப்போதைய எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேறொன்றும் இப்போது எழுதவில்லை. முடியைக் கொடு.

டொமிங்குஸ்


வாய்த்தெலு
30 ஜூலை 2017

டொமிங்குஸ்,

ஊர்ல எல்லாரும் முடி குடுத்தாச்சு. நான் பள்ளிவாசல் வாசல்ல உட்கார்ந்து முழு மொட்டை அடிச்சுக்கிட்டேன். "சூனியம் வச்சா முதல்ல எனக்கு வைக்கட்டும், எனக்குத்தான் வேலை வெட்டி இல்ல"ன்னேன். அப்புறம் ஒவ்வொருத்தியா சடைய அவுத்தாங்க. என் தலையிலேந்து கிடைச்சது கொஞ்சம்தான், நூர்லைலா பாவம், தாடியிலயும் எடுத்துக்கிச்சு.

முடிவு வந்துது. செல்ஃபிக்குப் பயமில்லாத அளவு. இதை முதல்ல எழுதணும்னுதான் காகிதத்தை எடுத்தேன், மொட்டைக் கதையில போயிட்டேன். பயமில்ல. ரெண்டு தடவை எழுதறேன், நீ ரெண்டு தடவை படிப்பன்னு தெரியும். எங்க ஊர் சனங்களுக்கும் தாங்கற அளவுதான். டப்பா மீன் தின்னாங்கல்ல. என்னைத் திட்டிக்கிட்டே தின்னது அவங்களைக் காப்பாத்திடுச்சு.

ஒரு பேர் மட்டும் சிகப்புல இருக்கு. உனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு, வாத்தியார். எழுத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்ட. வாரத்துக்கு ஒரு மீன், சட்டப்படி. பெரிசாப் பார்த்துப் பிடிச்சேன், காவலனாச்சே. ஒண்ணு பிடிச்சா நாலு நாளைக்கு வச்சுச் சூடு பண்ணித் தின்னேன். ஊரே ஏங்குதுன்னு ருசிச்சு ருசிச்சு.

நூர்லைலா என்னைக் கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னா. காதைத் தொட்டேன். "வேணும்னே பண்ணினேன்"னேன். அவ சிரிக்கல. அம்போன் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றா. போனது திரும்பாது, மேல போகாமப் பார்க்கலாம்னா. எதுக்கு. சாரம் கட்ட முடியுது, சேகோ கிண்ட முடியுது. வலைக் கண்ணுதான் கோக்க முடியல. ஆஸ்பத்திரில படுத்தா குடாவை யார் பார்ப்பா.

புதுச் சாசி போட்டிருக்கோம். இது என் யோசனை இல்ல, என் யோசனைக்கு இனிமே ஊர்ல ஒருத்தனும் காது குடுக்க மாட்டான். சேறு ஆறற வரைக்கும் குடா மூடியே இருக்கும். எவ்வளவு வருஷம்னு அந்தப் பொண்ணுக்கும் தெரியல. பெரிய மீனெல்லாம் உள்ளயே கிழடாகிச் சாகட்டும். காவலன் ருசி பார்க்கற சட்டத்தை எடுத்தாச்சு.

சலேமான்


ஹத்துமெத்தே
12 ஆகஸ்ட் 2017

பேலா சலேமான்,

பேத்தி பிறந்திருக்கிறாள். ஒன்பதாம் தேதி, விடிந்த பிறகு. விரல்களை எல்லாம் விரித்துப் பார்த்தேன். என் சுட்டுவிரலைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். விட வைக்க முடியவில்லை.

இதோடு வெற்றிலை வருகிறது. பச்சை வெற்றிலை, காய்ந்தது இல்லை. ஊர் சார்பாக இல்லை, நான் கேட்கிறேன். பேலா கேட்டதை மறுக்கக் கூடாது.

நீ அம்போன் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். நானும் வருகிறேன், பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொள்கிறேன், எனக்கும் முட்டி வலி இருக்கிறது. குடாவை எங்கள் பையன்கள் முறை போட்டுக் காப்பார்கள். கடிதம் எழுத முடியாது என்று சாக்குச் சொல்லாதே. நீ சொல்லு, நான் எழுதுகிறேன். என்னைத் திட்டி எனக்கே எழுத வேண்டியிருந்தாலும் எழுதுகிறேன். பிழையோடு.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் இங்கே இறங்கு. செல்ஃபி பிள்ளையை உன் கையில் கொடுக்க வேண்டும் என்கிறாள்.

டொமிங்குஸ்


வாய்த்தெலு
20 ஆகஸ்ட்

டொமி,

வரேன். வெத்தல வச்சுட்ட, என்ன பண்றது.

பிள்ளையக் கையில வாங்க மாட்டேன். பக்கத்துல உட்கார்ந்துக்கறேன், என் விரலையும் பிடிக்குதான்னு பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை கரையில வந்து நில்லு. கையைப் பிடிச்சு இறக்கு. சனங்க பார்த்தா, ஆடறது படகுதான்னு சொல்லு.

சலேமான்